செட்டிநாட்டு வெயிலில் கேம் ஆட எந்த ப்ராசஸர்?

‘ஐ7 சிபியூ, கேமிங்குக்கு ஏற்றது, உடனே விற்பனைக்கு.’ காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் தேடுகிறவர்களுக்குப் பழகிப்போன வாசகம் இது. வாங்குகிறவருக்கு வேண்டிய விவரம் எதுவும் இதில் கிடையாது. நம் ஊரில் முழுப் பெட்டியையும் சிபியூ என்றுதான் சொல்கிறோம். ஐ7 என்ற பெயரோ 2008-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. 2011-ல் வந்த ஐ7-2600-க்கு நான்கு கோர் (கணக்குப் போடும் தனித்தனிப் பகுதி), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளும் வேலை வரிசை). 2022-ல் வந்த ஐ3-12100எஃப்-க்கும் அதே நான்கு, அதே எட்டு. ஆனால் இன்றைய கேம் எதை ஓட்டினாலும் அந்த ஐ3 வெகுதூரம் முன்னால் போய்விடும்.

மாடியறையில் ஏற்கெனவே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. அதையே தேற்றி ஓட்டலாமா, ஆபீஸ்களிலிருந்து கழித்த பெட்டி ஒன்றை வாங்கிக் கிராபிக்ஸ் கார்டு போடலாமா, புதிதாகவே கட்டலாமா என்பதுதான் கேள்வி. இதற்கு விடை காண, சில பழைய ப்ராசஸர்களை ஏன் இன்றும் பிரியமாகச் சொல்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கவேண்டும். அவற்றை உயர்த்திய அதே காரணம்தான் இன்றைக்கும் எதை வாங்கலாம் என்று காட்டுகிறது. கேமுக்கு ப்ராசஸர் பார்க்கிறவர் முதலில் கேச் எவ்வளவு என்று பார்க்கவேண்டும். பிறகு வெப்பம். பெட்டியில் அச்சடித்த ஜிகாஹெர்ட்ஸ் அதற்கும் பிறகு.

அடுப்புக்குப் பக்கத்தில் அஞ்சறைப் பெட்டி இருந்தால் தாளிப்பு கருகாது. சோம்பும் பட்டையும் எடுக்க ஒவ்வொரு முறையும் இரண்டு கட்டு தாண்டிச் சாமான் அறைக்குப் போய்வந்தால், கை எவ்வளவு வேகமாக ஓடினாலும் எண்ணெய் காய்ந்து புகைந்துவிடும். ப்ராசஸருக்கு ரேம்தான் சாமான் அறை, கேச்தான் அஞ்சறைப் பெட்டி. கேம் என்பது ஒரே கணக்கை வரிசையாகப் போடும் வேலை கிடையாது. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பட்டது, வண்டி எதில் மோதியது என்று நூறு இடங்களில் சிதறிக் கிடக்கும் தகவலை ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் மாறும் ஒவ்வொரு படத்துக்கும், பொறுக்கியாகவேண்டும். அதனால் மற்ற வேலைகளைவிடக் கேமுக்குக் கேச் பசி அதிகம்.

1998 ஏப்ரலில் இன்டெல் முதல் செலரானை 266 மெகாஹெர்ட்ஸில் விட்டபோது, விலையைக் குறைப்பதற்காக இரண்டாம் நிலைக் கேச்சை அடியோடு எடுத்துவிட்டது. கேமில் அது திணறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த செலரான் 300ஏ-யில் 128 கேபி கேச்சைச் சில்லுக்குள்ளேயே, சில்லின் முழு வேகத்தில் ஓடும்படி வைத்தார்கள். அன்றைய பென்டியம் 2-ல் 512 கேபி இருந்தாலும் அது பாதி வேகத்தில்தான் ஓடியது. 300ஏ-யின் பஸ் வேகத்தை (போர்டோடு பேசும் வேகம்) 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100-க்கு மாற்றினால், 4.5 மடங்கு என்ற கணக்கில் 450 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். மிக விலையுயர்ந்த பென்டியம் 2 450-க்குக் கேமில் அது ஈடாக நின்றது. மலிவான சில்லு ஒன்று அரசனோடு சரிக்குச் சரி நின்றதால்தான் கால் நூற்றாண்டு கடந்தும் அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது.

அதற்கு நேர் எதிரான பாடம் பென்டியம் 4. எண்ணை ஏற்றி விற்பதற்காகக் கட்டிய சில்லு அது. 2004-ல் வந்த பிரெஸ்காட் வகையில் கட்டளை ஒன்று 31 படி கடந்து முடியவேண்டும். நடுவில் கணிப்பு ஒன்று பிசகினால் மொத்த வரிசையையும் கொட்டிவிட்டுத் திரும்பத் தொடங்கவேண்டும். அதன் சூடு பிரவுசிங் சென்டர் நடத்தியவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஏஎம்டியின் அத்லான் எக்ஸ்பி 2500+ வெறும் 1.83 ஜிகாஹெர்ட்ஸ்தான், ஆனாலும் கேமில் அதைவிட மிக வேகமான எண் போட்ட பென்டியம் 4-களோடு போட்டி போட்டது. பஸ்ஸை 166-லிருந்து 200-க்கு ஏற்றினால் 2.2 ஜிகாஹெர்ட்ஸ் ஆகி 3200+ ஆகவே மாறிவிடும். அதில் ஒரு ஆபத்தும் உண்டு. மேலே உலோக மூடி இல்லாத சில்லு அது. சூட்டை இழுக்க மேலே வைக்கும் உலோக ஹீட் சிங்கைச் சாய்வாக அழுத்தினால் ஓரம் உடைந்து அத்தோடு முடிந்துவிடும்.

இ8400-ஆ, கியூ6600-ஆ என்ற வாதம் 2008-ல் எங்கும் நடந்தது. இ8400 இரண்டு கோர், 3 ஜிகாஹெர்ட்ஸ், 6 எம்பி கேச், 65 வாட். கியூ6600 நான்கு கோர், 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 8 எம்பி. ஆனால் அது 4 எம்பி கொண்ட இரண்டு சில்லுகளை ஒரே தட்டில் ஒட்டியது. அன்றைய கேம்கள் இரண்டு கோருக்கு மேல் தொடவில்லை என்பதால் இ8400 ஜெயித்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜிடிஏ 4 கம்ப்யூட்டருக்கு வந்ததும் கதை திரும்பியது. நகரம் முழுவதையும் உயிரோடு வைத்திருக்க அதற்கு நான்கு கோர் வேண்டியிருந்தது. கியூ6600 வைத்திருந்தவர்கள் அதற்குப் பிறகும் பல ஆண்டு தாக்குப்பிடித்தார்கள். 2011-ல் ஐ5-2500கே-யா, ஐ7-2600கே-யா என்றபோதும் இதேதான் நடந்தது. கேமுக்கு எட்டு த்ரெட் வீண் என்று அன்று சொன்னது சரியே. ஐந்தாறு ஆண்டு கழித்து 2500கே-யில் சராசரி ஃபிரேம் நன்றாகக் காட்டியும் நடுநடுவே படம் திக்கியது, 2600கே-யில் அது குறைவு. இப்போது நான்கு கோர் 12100எஃப்-ஆ, ஆறு கோரா என்று யோசிப்பவர்கள் இந்த இரண்டு பழைய வாதங்களையும் மனதில் வைக்கவேண்டும்.

பழையதைத் தேற்றுவதென்றால்

கோர் 2 காலத்துப் பெட்டியில் புதிய கேமுக்கு ஆசைப்படவேண்டாம். வேகம் போதாது என்பதற்கு முன்பே கட்டளைத் தொகுப்பு போதாது. ஏவிஎக்ஸ் என்ற கட்டளைகள் 2011-ன் சாண்டி பிரிட்ஜில்தான் வந்தன. அவை இல்லாமல் இன்றைய கேம்கள் பல திறக்கவே திறக்காது. 2016-ல் நோ மேன்ஸ் ஸ்கை வெளிவந்தபோது எஸ்எஸ்இ 4.1 என்ற கட்டளைகள் இல்லாத காரணத்தால் ஏஎம்டியின் ஃபீனம் 2 வைத்திருந்தவர்களுக்கு அது தொடக்கத்திலேயே நின்றது. பிறகு திருத்தம் விட்டார்கள். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு எஸ்எஸ்இ 4.2 கேட்பதால் கோர் 2-வில் எந்தக் குறுக்குவழியிலும் ஏறாது.

ஆனால் ரோட் ராஷ், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, வைஸ் சிட்டி, மோஸ்ட் வான்டட், கிரிக்கெட் 07 ஆடுவதற்கு இ8400-ஐவிட அருமையான சில்லு இல்லை என்பேன். புதிய கம்ப்யூட்டரில் இவை ஓடாமல் அடம்பிடிப்பதற்குக் காரணம் உண்டு. சேஃப்டிஸ்க் பூட்டு போட்ட சிடி கேம்களுக்கு வேண்டிய டிரைவரை விண்டோஸ் 10 ஏற்பதில்லை. சான் ஆண்ட்ரியாஸில் ஃபிரேம் லிமிட்டரை எடுத்துவிட்டு வேகமான ப்ராசஸரில் ஓட்டினால் நீச்சல்கூடச் சரியாக வராது. அந்தக் கேமின் கணக்கே குறைந்த ஃபிரேமை நம்பி எழுதியது.

விண்டோஸ் எக்ஸ்பி போட்டு இதைத் தேற்றும்போது நான்கு இடத்தில் தடுக்கும். பயாஸில் (போர்டின் சொந்த அமைப்புத் திரை) ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா அமைப்பை ஏஎச்சிஐ-யில் விட்டால் நிறுவும்போது 0x7பி என்ற நீலத்திரை வரும், ஐடிஇ-க்கு மாற்றவேண்டும். 32 பிட் எக்ஸ்பி சுமார் 3.25 ஜிபிக்கு மேல் ரேமைப் பார்க்காது, ஆகவே 4 ஜிபி தாராளம். தேதி ஒவ்வொரு முறையும் பின்னுக்குப் போனால் சிஆர்2032 பேட்டரியை மாற்றினால் சரியாகிவிடும். கடைசியாக, ப்ராசஸரைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலையைத் தடவிப் பாருங்கள். தட்டையாக இருக்கவேண்டும். உப்பியிருந்தால் அந்த போர்டுக்குப் பணம் போடாதீர்கள். எக்ஸ்பி பெட்டியை இணையத்தில் இணைக்கவும் கூடாது.

கழித்த ஆபீஸ் பெட்டி

நான்காம் தலைமுறை ஐ5, ஐ7 போட்ட பெட்டிகள்தான் இப்போது எங்கும் கிடைக்கின்றன. ஐ7-4790 என்றால் நான்கு கோர், எட்டு த்ரெட், 4 ஜிகாஹெர்ட்ஸ் வரை, 8 எம்பி கேச், ஏவிஎக்ஸ்2-வும் உண்டு. ஜிடிஏ 5, வேலோரன்ட், மைன்கிராஃப்ட், போன் கேமைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் எமுலேட்டரில் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற அளவுக்கு இது போதும். எமுலேட்டர் ஆடுகிறவர்கள் பயாஸில் விர்ச்சுவலைசேஷன் திறந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். ஆபீஸ் பெட்டிகளில் அது மூடியே இருக்கலாம். மூடியிருந்தால் எந்த ப்ராசஸரிலும் எமுலேட்டர் நத்தைதான்.

சிக்கல் ப்ராசஸரைவிடப் பெட்டியில்தான் இருக்கிறது. ஒல்லியான ஆபீஸ் பெட்டிகளுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் 240 அல்லது 255 வாட்தான். கிராபிக்ஸ் கார்டுக்குத் தனி ஒயர் இருக்காது. போர்டுக்குப் போகும் இணைப்பும் பல மாடல்களில் வழக்கமான 24 பின் கிடையாது. கடையில் புது எஸ்எம்பிஎஸ் வாங்கிவந்து மாட்ட முடியாது, தனி கன்வெர்ட்டர் ஒயர் தேவைப்படும். ஆகவே ஸ்லாட்டிலிருந்தே கரண்ட் எடுக்கும் 75 வாட்டுக்கு உட்பட்ட கார்டுதான் வழி. ஜிடிஎக்ஸ் 1650-ன் குட்டை வகை, அல்லது 70 வாட் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. இன்டெல் ஆர்க் கார்டுகளை இந்தப் பெட்டியில் போடாதீர்கள். அவற்றுக்கு, கார்டின் நினைவகம் முழுவதையும் ப்ராசஸர் ஒரே மூச்சில் எட்டவிடும் ரீசைசபிள் பார் வசதி வேண்டும், அது இந்தத் தலைமுறையில் இல்லை. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யும் வேண்டாம். அது நான்கு லேன் (தகவல் போகும் பாதை) மட்டுமே பயன்படுத்துவதால் பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் மூச்சு முட்டும்.

இன்னொன்று: விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏறாது. குறுக்குவழியில் ஏற்றினாலும் வேலோரன்ட் விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். 4790 போட்ட பெட்டியில் டிபிஎம் 2.0 பொதுவாகக் கிடையாது. வேலோரன்ட்டுக்காகவே கம்ப்யூட்டர் வாங்குகிறீர்கள் என்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

புதிதாகக் கட்டுவதென்றால்

ஐ3-12100எஃப் எளிய பட்ஜெட்டுக்கு நல்ல சில்லு. 12 எம்பி கேச், 4.3 ஜிகாஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் இதைவிடப் பெரியதைப் போட்டாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கேம் ஆடிக்கொண்டே டிஸ்கார்டும் ரெக்கார்டிங்கும் ஓட்டினால் நான்கு கோரும் நிரம்பிவிடும். 2500கே-க்கு நேர்ந்ததே இதற்கும் நேரும்.

அதனால் என் தேர்வு ஆறு கோரில்தான் தொடங்குகிறது: ஏஎம்டியின் ரைசன் 5 5600 அல்லது இன்டெலின் ஐ5-12400எஃப். முன்னதில் 32 எம்பி, பின்னதில் 18 எம்பி மூன்றாம் நிலைக் கேச். கேச் எண்ணை மட்டும் பார்த்தால் ரைசன் ஓடிவிடவேண்டும். ஓடுவதில்லை, இரண்டும் கேமில் கிட்டத்தட்ட ஒன்றே, சில கேம்களில் 12400எஃப் ஒரு படி மேலே. காரணம், இன்டெலின் கோர் ஒவ்வொன்றுக்கும் 1.25 எம்பி தனிக் கேச் இருக்கிறது, ரைசனுக்கு அரை எம்பிதான். ரேமை எட்டும் நேரமும் இன்டெலில் குறைவு. ஆக, கேச் எண்ணை ஒரே குடும்பத்துக்குள் ஒப்பிட்டால்தான் பொருள் உண்டு. குடும்பத்துக்குள் ஒப்பிடும்போதோ அதுதான் எல்லாம். கடையில் ஏமாறும் இடமும் அதுவே.

ரைசன் 5 5500-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில் நூறுதான் வித்தியாசம். கோர் ஆறு, த்ரெட் பன்னிரண்டு, எல்லாம் 5600 போலவே. ஆனால் கேச் 16 எம்பி, கார்டுக்கான பிசிஐ எக்ஸ்பிரஸும் மூன்றாம் தலைமுறை. அது லேப்டாப் சில்லிலிருந்து வந்தது. ரைசன் 7 5700-ஐப் பாருங்கள்: எட்டு கோர் என்று எடுத்துக் கொடுப்பார்கள், கேச் 16 எம்பி. பக்கத்தில் இருக்கும் 5700எக்ஸ்-ல் 32, 5700எக்ஸ்3டி-யில் 96. ஏஎம்டியின் புதிய சாக்கெட்டான ஏஎம்5 பக்கம் வந்தால் 7500எஃப்-ல் 32, அதைவிடப் பெரிய எண் தாங்கிய 8400எஃப்-ல் 16. எண் பெரிதாக இருப்பதால் புதியது, வேகமானது என்று நம்பி வாங்கினால் கேமில் பின்தங்கிப் போவீர்கள். ‘5600 ஸ்டாக் இல்லை, 5500-ம் அதேதான்’ என்று சொன்னால் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

5600-க்கும் 12400எஃப்-க்கும் நடுவே போர்டு தீர்ப்பு சொல்லும். 5600 உட்காரும் ஏஎம்4 சாக்கெட் போர்டு ஏற்கெனவே வீட்டில் இருந்தால் வேறு பேச்சே வேண்டாம், 5600. ஆனால் பழைய சில்லைக் கழற்றுவதற்கு முன்னால் பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். பி450 போன்ற போர்டுகள் பழைய பயாஸில் 5600-ஐ அடையாளம் காணாது. கழற்றி மாட்டிய பிறகு கருந்திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும். ஹீட் சிங்கைக் கழற்றும் முறையும் முக்கியம். ஏஎம்4 சில்லின் அடியில் 1331 பின் இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட் பசைபோல் பிடித்திருக்கும்போது நேராக இழுத்தால் சாக்கெட் பூட்டியிருந்தும் சில்லு பிய்த்துக்கொண்டு வரும், பின் வளையும். பத்து நிமிடம் ஏதாவது கேம் ஓட்டிச் சூடாக்கி, கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஹீட் சிங்கை இடமும் வலமும் மெல்லத் திருகித் தளர்த்திய பிறகு தூக்குங்கள். பின் வளைந்துவிட்டால் எழுதும் குச்சியை எடுத்துவிட்ட 0.5 மி.மீ. மெக்கானிக்கல் பென்சில் முனைக்குள் பின்னை நுழைத்து மெதுவாக நிமிர்த்தலாம்.

புதுப் போர்டு வாங்குவதென்றால் டிடிஆர்4 வகை பி660 போர்டில் 12400எஃப் நல்லது. எச்610 மலிவு, அதில் ரேம் 3200-க்கு மேல் ஓடாது, 12400எஃப்-க்கு அதுவே போதும். ரைசனுக்கு 3600 ரேம் கொடுத்தால் உள் இணைப்பு 1800-ல் இசைந்து ஓடும். எந்த போர்டானாலும் ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி-யைப் பயாஸில் போட மறக்கவேண்டாம். போடாவிட்டால் 3200 ரேம் பல போர்டுகளில் 2400, 2666 என்று ஊர்ந்துகொண்டிருக்கும். எட்டு எட்டு ஜிபியாக இரண்டு ரேம் ஸ்டிக், பதினாறு ஜிபி ஒன்றைவிட மேல். சாமான் அறைக்கு இரண்டு வாசல் வைத்த மாதிரி.

ஏஎம்5-ல் 7500எஃப் அழகான சில்லு: ஆறு கோர், 5 ஜிகாஹெர்ட்ஸ், 65 வாட். அந்த சாக்கெட்டுக்கு 2027 வரையாவது புதிய சில்லுகள் வரும் என்று ஏஎம்டி அறிவித்திருப்பதால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். தடை ரேம்தான். டிடிஆர்5 கட்டாயம், 2025 இறுதியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. கையில் நல்ல டிடிஆர்4 இருப்பவர் இப்போதைக்கு அதைவிட்டு நகரவேண்டாம். ஏஎம்5 கட்டுகிறவர்கள் முதல்முறை பவர் பொத்தானை அழுத்தியதும் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும், ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. பயந்துபோய் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

எக்ஸ்3டி வகைதான் செலரான் 300ஏ-யின் உண்மையான வாரிசு. 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டி-யில் 64 எம்பி கேச்சைச் சில்லின்மேல் இன்னொரு மாடியாகக் கட்டி 96 எம்பி ஆக்கினார்கள். அதன் வேகம் 4.5 ஜிகாஹெர்ட்ஸ், மாடியில்லாத தம்பி 5800எக்ஸ்-ஐவிடக் குறைவு. அப்படியும் கேமில் முந்தியது. 7800எக்ஸ்3டி-யிலும் இதே முறை. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-யில் மாடியைக் கீழ்த்தளமாக மாற்றினார்கள். கேச் அடியில், கோர் மேலே. சூடு ஹீட் சிங்குக்கு நேராகப் போவதால் 5.2 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகிறது. சிஎஸ் 2, வேலோரன்ட் ஆகியவற்றில் 144, 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவருக்கு இது பெரிய லாபம். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரும் ஜிடிஎக்ஸ் 1650-ம் வைத்துக்கொண்டு எக்ஸ்3டி வாங்குவது வீண். அந்தப் பணம் கார்டுக்குப் போகட்டும். 7800எக்ஸ்3டி வாங்கினால் பயாஸைப் புதுப்பித்த பிறகே ஆடத் தொடங்குங்கள். 2023-ன் தொடக்க பயாஸ்களில் எஸ்ஓசி என்ற உள்பகுதிக்குப் போகும் வோல்டேஜ் எகிறிச் சில்லுகள் கருகியதால் 1.3 வோல்ட் வரம்பு பின்னால் வந்தது.

கார்டே இல்லாமல் ஆட 5600ஜி போதும். கேச் 16 எம்பிதான், ஆனால் அதற்குள் வேகா கிராபிக்ஸ் இருக்கிறது. வேலோரன்ட் தாராளமாகவும், ஜிடிஏ 5 மிதமான அமைப்பிலும் ஓடும். இதில் ஒற்றை ரேம் ஸ்டிக் போட்டால் கிராபிக்ஸ் பாதி செத்துவிடும். பின்னால் கார்டு வாங்கும் எண்ணம் இருந்தால் 5600ஜி வேண்டாம்.

எது தடுக்கிறது என்று தெரியாமல் ப்ராசஸர் மாற்றாதீர்கள். வழக்கமான கேமை 1080பி-யில் ஓட்டி ஃபிரேம் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே இடத்தில் 720பி-க்கு இறக்குங்கள். ஃபிரேம் நன்றாக ஏறினால் தடுத்தது கார்டு. அப்படியே நின்றால் தடுப்பது ப்ராசஸர். இரண்டு நிமிட வேலை.

நம் வீடும் நம் கரண்டும்

இணையத்தில் வரும் சோதனைகள் பெரும்பாலும் 21 முதல் 25 டிகிரி அறையில் எடுத்தவை. சித்திரை வைகாசியில் ஏசி இல்லாத மாடியறை 38 டிகிரி என்று வையுங்கள். அங்கே 75 டிகிரி காட்டிய சில்லு இங்கே 90-ஐத் தொடும். 5600-ன் எல்லையே 90 டிகிரி. தொட்டதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 12400எஃப்-க்கு எல்லை 100. ஐ7-14700கே-யோ முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். நம் ஊர்க் கோடையில் அதை அடக்க ஏசியே வேண்டும். அந்த 13, 14-ஆம் தலைமுறை கே சில்லுகளில் வோல்டேஜ் ஏறிச் சில்லு நாளாவட்டத்தில் கெடும் கோளாறும் இருந்தது. 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் பயாஸ் வழியாக வந்த மைக்ரோகோடு திருத்தம் அதைத் தடுக்கும், ஏற்கெனவே கெட்ட சில்லைத் திருத்தாது. ஆகவே செகண்ட் ஹேண்டில் அவற்றைத் தொடாதீர்கள். நம் பக்கத்துக்கு 65 வாட் சில்லுதான் பொருத்தம். 7800எக்ஸ்3டி-யின் பெட்டியில் 120 வாட் என்று இருந்தாலும் கேமில் 80-ஐத் தாண்டுவது அரிது.

பழைய வீடுகளில் கம்ப்யூட்டரைத் தரைத்தளத்து உள்ளறைக்கு மாற்றினாலே சில டிகிரி குறையும். தடித்த சுண்ணாம்புச் சுவர் பகல் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடுகிறது. கதவு வைத்த மர மேசைக்குள் பெட்டியை வைத்தால் அந்த லாபம் போய்விடும். பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கட்டும். ஆத்தங்குடித் தரையில் நேரடியாக வைக்காமல் ஒரு மணை போட்டு வையுங்கள். தரை துடைக்கும் ஈரமும் தூசியும் அடியிலுள்ள எஸ்எம்பிஎஸ் ஃபேன் வழியாகத்தான் உள்ளே போகும். புதுவயல் பக்கம் அரிசி ஆலைகளுக்கு அருகில் இருப்பவர்கள் ஹீட் சிங்கை மாதம் ஒருமுறை ஊதவேண்டும். ஊதும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறதா? அது எர்த் இல்லை என்பதன் அறிகுறி. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்ட்டர் கெப்பாசிட்டர்கள் எர்த் இல்லாதபோது பெட்டியின் உடம்பைப் பாதி வோல்டேஜில், 115 வோல்ட் அளவில் மிதக்கவிடும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் பொதுவாக உயிருக்கு ஆபத்தில்லை என்றாலும், யூஎஸ்பி, எச்டிஎம்ஐ ஒயர் செருகும் நொடியில் போர்டையும் கார்டையும் கொல்லலாம். பழைய வீடுகளில் இரண்டு ஒயர் மட்டும் இழுத்த அறைகள் உண்டு. மூன்று பின் பிளேட் மாட்டியிருந்தாலும் பின்னால் எர்த் ஒயர் இருக்காது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். ஓரிரு வோல்டுக்குள் இருக்கவேண்டும். நம் செம்புராங்கல் தரை கோடையில் காய்ந்து எர்த் பலவீனமாகும், குழியில் தண்ணீர் ஊற்றவேண்டும்.

5600-ம் 115 வாட் ஆர்டிஎக்ஸ் 4060-ம் மானிட்டரும் சேர்ந்து கேமில் 280 வாட்டுக்குள் அடங்கும். 600 விஏ, 360 வாட் யூபிஎஸ் தாங்கும். வீட்டு இன்வெர்ட்டரை நம்பினால் அதன் பின்புறச் சுவிட்ச் யூபிஎஸ் முறையில் இருக்கவேண்டும். சாதாரண முறையில் மாறுவதற்குள் எஸ்எம்பிஎஸ்ஸின் 16 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிப்பு தீர்ந்து கம்ப்யூட்டர் மறுபடி தொடங்கும். மின்கட்டணமும் பாருங்கள். நாளுக்கு நான்கு மணி நேரம் 300 வாட் என்றால் இரண்டு மாதத்தில் 72 யூனிட், 180 வாட் என்றால் 43. வீட்டுக் கணக்கு 500 யூனிட்டை ஒட்டி ஓடுகிறதென்றால் அந்த 29 யூனிட்டே கட்டண அடுக்கை மாற்றிவிடும்.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் உறவினரிடம் சில்லு வாங்கிவரச் சொல்கிறவர்கள், வாரண்டி அந்த நாட்டோடு நின்றுவிடலாம் என்று தெரிந்தே சொல்லுங்கள். ஏஎம்4 சில்லு என்றால் பிளாஸ்டிக் கூட்டோடு கைப்பையில் வரட்டும். ஏஎம்5-க்கும், 12400எஃப் உட்காரும் எல்ஜிஏ1700 சாக்கெட்டுக்கும் பின் போர்டில்தான் இருக்கிறது. அதனால் செகண்ட் ஹேண்ட் போர்டு வாங்கும்போது செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துச் சாக்கெட்டைப் பாருங்கள்; பின் எல்லாம் ஒரே திசையில் மின்னவேண்டும், ஒரு புள்ளி கறுத்தாலும் அங்கே பின் வளைந்திருக்கிறது. பிறகு ரேமை ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், வளைந்த பின் பெரும்பாலும் ஒரு ரேம் வரிசையைத்தான் சாகடிக்கும். சிபியு-இசட்டில் சில்லின் பெயரையும் கேச் அளவையும் கண்ணால் பார்த்து, ப்ராசஸரை முழுதாக வேலை வாங்கும் சினிபெஞ்ச் சோதனையை அரை மணி நேரம் ஓடவிட்டு, வெப்பம் எல்லையைத் தொடாமல் நின்றால் பணத்தைக் கொடுக்கலாம்.